துரை கையெழுத்திடாத ஐந்து பக்கங்கள்

காற்புள்ளிக்குப் பக்கத்தில் பென்சிலால் போட்ட ஒரு சின்னப் பெருக்கல் குறி. அந்த வெள்ளைக்கார நீதிபதியை நினைத்தால் முகம் வருவதற்கு முன் எனக்கு அதுதான் வருகிறது. கூராகச் சீவிய பென்சில். தாளில் அழுத்தமே தெரியாது. ஆனால் அந்தக் குறி விழுந்த பக்கத்தை முழுதாகத் திரும்ப அடிக்க வேண்டும். அழித்துத் திருத்திய எழுத்து ஒன்று இருந்தாலும் துரை கையெழுத்துப் போட மாட்டார். ஒவ்வொரு பக்கத்தையும் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்.

அப்போது நான் பினாங்கு நீதிமன்றத்தில் தட்டச்சராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கான்வென்ட் பள்ளியில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். அந்த அலுவலகத்தில் பெண் நான் ஒருத்திதான். பிழையில்லாமல் அடிப்பது ஒன்றே அங்கே எனக்கிருந்த பாதுகாப்பு. அதனால் துரையின் கண்டிப்பு ஆரம்பத்தில் எனக்குப் பிடித்தே இருந்தது. நீதிமன்றத்தின் மூன்று மாதத் தவணையில் அவர் பதினொரு தீர்ப்புகள் எழுத வேண்டியிருந்தது. எது எத்தனை முறை என்னிடம் திரும்பி வந்தது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வந்தேன். நிலத்தகராறு, நான்கு முறை. உயில் வழக்கு, ஐந்து. இரண்டு சரக்குப் படகுகள் மோதிய வழக்கு, ஒன்பது. அது சட்ட அறிக்கையில் அச்சாகும், மற்ற நாட்டு நீதிபதிகளும் படிப்பார்கள் என்று தலைமை எழுத்தர் சொன்னார். பட்டியலின் கடைசியில் குழந்தை வழக்கு இருந்தது. அதற்கு எதிரே எண் எதுவும் இல்லை.

அந்த வழக்கில் தவணையின் முதல் வாரமே முடிவைச் சொல்லிவிட்டார். தகப்பன் இறந்துபோன ஐந்து வயதுப் பெண் குழந்தை நாகப்பட்டினத்திலிருந்து வந்திருக்கும் பெரியப்பாவிடம் போகவேண்டும். காரணங்களைப் பின்னர் எழுதித் தருவேன் என்றார். தாய்க்கு இருபத்து மூன்று வயதுக்கு மேல் இருக்காது. தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளி வீட்டில் சமையலுக்கு உதவியாக இருந்தாள். மேல்முறையீடு செய்ய அவளுடைய வக்கீல் தயாராகத்தான் இருந்தார். எழுதிக் கையெழுத்திட்ட காரணங்கள் கையில் இல்லாமல் மேலே உள்ள நீதிபதிகள் எதையும் நிறுத்திவைக்க மாட்டார்கள். பெரியப்பா கப்பலில் ஏறுவதற்குள் அந்தத் தாள்கள் வேண்டும். இவ்வளவுதான் விஷயம். அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

வாரத்தில் ஒரு நாள் அவள் ஜெலுத்தோங்கிலிருந்து நடந்தே வருவாள். வாசல் தூணோரம் நின்று, "எழுதிட்டாங்களாக்கா?" என்பாள். என்னைவிட ஒரு வயதாவது மூத்தவள். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிட்டாள். இன்னும் இல்லை என்பேன். ஒரு நாள், "கப்பல் எப்பன்னு புள்ளையோட பெரியப்பாவுக்குத் தெரியுது. காகிதம் எப்பன்னுதான் ஒருத்தருக்கும் தெரியல" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைத் தைத்தது.

சூலியா தெருவில் குடியிருந்த நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் என் மேசையருகே வந்து முணுமுணுப்பார். "ரெண்டு படகு முட்டிக்கிட்டதுக்கு ஒம்பது தடவ. இந்தப் புள்ளைக்கு ஒரு தடவ எழுதப் பென்சில் இல்லையாம் லா." நான் குழந்தை வழக்கின் காகிதக் கட்டை எடுத்து, துரையின் கூடையில் மேலே வைத்தேன். மறுநாள் அது மறுபடி அடியில் கிடந்தது. "ஒவ்வொன்றும் அதன் வரிசையில், மிஸ்" என்றார் துரை, மிக மரியாதையாக. வரிசையைப் போட்டது யார் என்று நான் கேட்கவில்லை.

கடைசி வாரத்தில் ஒருவழியாக எழுதினார். ஐந்தே பக்கம். துரை சீமைக்கு விடுப்பில் கிளம்பும் நாளன்று காலை ஒன்பதரைக்கு அடித்து முடித்தேன். பன்னிரண்டு மணிக்குத்தான் கப்பலுக்குப் படகு என்று சொல்லியிருந்தார்கள். சரிபார்க்கும்போது நான்காம் பக்கத்தில் ஒரு எழுத்தை அழித்துத் திருத்தியிருந்தது கண்ணில் பட்டது.

"அப்படியே கொண்டுபோய் வச்சுட்டு வா தங்கச்சி" என்றார் மொழிபெயர்ப்பாளர். "கடைசி நாள்ல யாரு வெளிச்சத்துல தூக்கிப் பாக்கப் போறா?"

"அவர் பார்ப்பார் அண்ணே."

உட்கார்ந்து திரும்ப அடித்தேன். அவசரத்தில் நகலுக்கு வைக்கும் கரித்தாளைத் திருப்பி வைத்துவிட்டேன். நகல் முழுக்க முதல் தாளின் முதுகில் பதிந்திருந்தது. மூன்றாம் முறை அடித்தேன். மாடிக்குப் போனபோது சேவகன் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் வழியனுப்பு விருந்து என்று துரை முன்னதாகவே கிளம்பிவிட்டாராம். மொழிபெயர்ப்பாளர் என் கையிலிருந்த தாள்களைப் பிடுங்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஓடினார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தார்.

"கப்பல் ஏணியத் தூக்கிட்டாங்க. சம்பான் படகுல நின்னு காகிதத்த ஆட்டிக் காட்டினேன். துரையும் தொப்பியத் தூக்கிக் காட்டினாரு. வழியனுப்ப வந்தேன்னு நெனச்சுட்டாரு."

தாள்களை அஞ்சலில் அனுப்பினோம். குழந்தை மூன்றாம் வாரம் கப்பலேறியது. எட்டு வாரம் கழித்துத் தாள்கள் திரும்பி வந்தன. ஐந்தாம் பக்கத்தின் கீழே கையெழுத்து இருந்தது. ஓரங்களில் ஒரு குறிகூட இல்லை. அவர் அவற்றைப் படித்துப் பார்த்ததாகவே தெரியவில்லை. மேல்முறையீடு நடக்கத்தான் செய்தது. குழந்தை கடலுக்கு அப்பால் இருக்கிறது, இனிப் பிறப்பிக்கும் உத்தரவால் பயனில்லை என்று இரண்டே வரியில் முடிந்தது.

நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது வேறொரு நீதிபதி. அழித்துத் திருத்திய பக்கங்களை நான் கூசாமல் கையெழுத்துக்கு வைக்கிறேன்; அவரும் போடுகிறார். திரும்பத் திரும்ப அடித்த அந்த நாற்பது நிமிடத்துக்காக என்னை நான் மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் பொய்.

துரையின் கையெழுத்தோடு தாள்கள் திரும்பி வந்த அந்த வாரம் அவள் ஒரு முறை வந்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லச் சொன்னாள். பதிவறைப் பெஞ்சில் உட்கார்ந்து வரிவரியாகச் சொன்னேன். தாய் நேர்மையானவள், குழந்தைமீது உண்மையான பாசமுள்ளவள் என்று நான்காம் பக்கத்தில் இருந்தது. பகல் முழுதும் வேலைக்குப் போவதால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை, பெரியப்பா வீட்டில் ஆளிருக்கிறது என்று ஐந்தாம் பக்கத்தில் இருந்தது.

அவள் சொன்னாள்: "என் அம்மா எங்க கூடத்தானேக்கா இருக்காங்க. பகல்ல புள்ளைய அவங்கதான் பாத்துக்கிட்டாங்க. இத யாரும் என்கிட்ட கேக்கலையே."

விசாரணையில் சுருக்கெழுத்துக் குறிப்பெடுத்ததும் நான்தான். அவள் போனபிறகு அந்த நோட்டை எடுத்து அவளுடைய சாட்சியத்தை முதல் கேள்வியிலிருந்து படித்தேன். மொத்தம் முப்பத்தொரு கேள்விகள். பகலில் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று யாரும் கேட்டிருக்கவில்லை.