பலகையில் குத்திய மேலட்டை

எழுபதுகளில் போர்ட் பிளேயர் கல்லூரியொன்றில் நான் நூலகராக இருந்தேன். புத்தகங்கள் மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்து ஹேடோ துறைமுகத்தில் இறங்கும். பாதி நனைந்துதான் வந்து சேரும். தப்பியவற்றை இரும்பு அலமாரியில் பூட்டி, பூஞ்சை பிடிக்காமலிருக்க உள்ளே ஒரு குண்டு பல்பை அணைக்காமல் எரியவிடுவேன். சாவி எப்போதும் என் இடுப்பில் இருக்கும். சரிபார்க்க வருகிறவர்கள் ஒரு புத்தகம் குறைந்தாலும் மெமோ கொடுத்துவிடுவார்களே என்று பயம். பயமென்ன பயம், சுத்தக் கோழைத்தனம்.

"லைப்ரரிக்கு ஈ காக்கா வரமாட்டேங்குதே, ஏதாவது பண்ணுங்கய்யா" என்று முதல்வர் ஒருநாள் சலித்துக்கொண்டார். பண்ணினேன். புதிதாக வந்த புத்தகங்களின் மேலட்டைகளை மட்டும் கழற்றி, வாசல் பலகையில் வரிசையாகக் குத்திவைத்தேன். புத்தகங்கள் அலமாரிக்குள்ளேயே இருந்தன. முதல்வர் மெச்சினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதில் ஒரு மேலட்டையைப் பார்த்துத்தான் எங்கள் மாணவி ஒருத்தி வந்தாள், லாங் ஐலண்டு தீவுப் பெண். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய மீன்பிடிக் குடும்பம். தாவரவியலில் ஒரு தாள் போய்விட்டது. விடுமுறை முடிந்ததும் மறுபடி எழுத வேண்டும்.

"சார், அந்த பாட்டனி புக்க லீவுக்குத் தாங்க. இந்தத் தடவையும் போச்சுன்னா அப்பா படிப்ப நிறுத்திருவாவ. ஏக்தம் பத்திரமா வச்சுக்கிடுதேன்."

"போட்டுல நனைஞ்சா உங்கப்பனா வந்து பதில் சொல்லுவான்?" என்று எரிந்து விழுந்தேன்.

"நாங்க கடல்ல பொழைக்கிறவங்க சார். ஒரு பொருள நனையாமக் கொண்டுபோகத் தெரியாதா எங்களுக்கு?"

நியாயமான கேள்வி. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது. "வேணும்னா இங்கேயே உக்காந்து எழுதிக்கோ" என்றேன்.

இரண்டு நாள் தலை நிமிராமல் எழுதினாள். மூன்றாம் நாள் காலையில் அவள் தீவுக்குப் போட். மூன்று பாடம்தான் முடிந்திருந்தது. புத்தகத்தைத் தாவணி முனையால் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

நானும் நூலகத்தைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறினேன். திரும்பி வந்து அலமாரியைத் திறந்தால் குப்பென்று ஒரு வாடை. பல்பு என்றைக்கோ ஃபியூஸ் போயிருந்தது. தாவரவியல் புத்தகத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. கத்தியால் பிரித்துப் பார்த்தேன், எழுத்தும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. அடப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அவள் மறுதேர்விலும் தேறவில்லை. படிப்பை நிறுத்திவிட்டு, மாற்றுச் சான்றிதழ் வாங்கப் படிவத்தோடு வந்தாள். இவளிடம் நூலகப் புத்தகம் எதுவும் இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ் கொடுப்பார்கள். போட்டேன்.

"அந்தப் புக்க ஒரே ஒருதடவ பாத்துக்கிடட்டுமா சார்?"

மறைக்க மனம் வரவில்லை. எடுத்து வைத்தேன். விரலால் தொட்டுப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"மூணு பாடம் இதுல இருக்கு. இனி எனக்கு எதுக்கு? யாராவது கேட்டா, வீட்டுக்குக் குடுத்து விடுங்க சார்."