பத்து நிமிட சிங்கப்பூர்

கிணற்றடியில் நின்றபடி கோதண்டராமன் கட்டைவிரலால் ஸ்டாப் வாட்சை அழுத்துகிறார். கூடத்து நாற்காலியிலிருந்து எழுந்து, கொல்லைக் கோடியிலுள்ள கழிப்பறைக்குப் புறப்படுகிறாள் அவருடைய அக்கா செங்கமலம். வயது எழுபத்தொன்று.

"இன்னாடா தம்பி, கக்கூசுக்குப் போறதுக்குக் கூடவா வாட்ச்சப் புடிச்சிக்கினு நிப்ப? மானம் போவுதுடா!"

"பேசாத போக்கா. பேசனா டைம் ஏறும்."

போய்த் திரும்பி நாற்காலியில் உட்கார எட்டு நிமிடம் நாற்பது வினாடி. நோட்டில் நீல மையில் ஏறியது. அக்கா சிங்கப்பூருக்குத் தகுதி பெற்றுவிட்டாள்.

ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் டைம் ஆபீசில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தவர் கோதண்டராமன். ஒருவன் ஒரு போல்ட்டை முடுக்க எத்தனை வினாடி என்று அளந்து சொல்வது உத்தியோகம். மூன்று நிமிடம் தாமதமாக வந்த சொந்த மச்சானுக்குச் சிவப்பு மையில் 'லேட்' போட்டார். மச்சான் இன்றுவரை பேசுவதில்லை. இவருக்கு அதில் பெருமை. ஓய்வு பெற்றபோது கம்பெனி குத்துவிளக்கு கொடுக்க வந்தது. வேண்டாம் என்று இந்த வாட்சைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்த 1991இல், அறுபதைத் தாண்டிய ஆறு பேருக்குச் சிங்கப்பூரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பை யாரும் கேட்காமலே தலையில் போட்டுக்கொண்டார். அன்றோடு தூக்கம் போயிற்று. விமானத்துக்கு எத்தனை படி? ஓட்டலில் லிஃப்ட் உண்டா? குந்துகிற கழிப்பறையா, உட்காருகிறதா? சென்னை ஏஜென்டுக்குப் பதினோரு கடிதம் போட்டார். பன்னிரண்டாவதற்குத்தான் பதில் வந்தது: சுற்றுலா பஸ் கழிப்பறைக்கென்று பத்து நிமிடம்தான் நிற்கும், அதற்குள் இருக்கைக்குத் திரும்ப முடியாதவர்களின் பெயரை அனுப்ப வேண்டாம், பட்டியல் திங்கட்கிழமை வந்தாக வேண்டும்.

பழைய ஃபிட்டர் கன்னியப்பன் ஏழு நிமிடத்தில் முடித்தார். "யோவ், இன்னும் ஸ்பீடா போய்க் காட்றேன், ஓவர்டைம் போடுவியா?" கோதண்டராமன் சிரிக்கவில்லை. மற்றவர்களும் தேறிவிட்டார்கள். பாக்கியிருந்தது மனைவி சுந்தராம்பாள்.

சிங்கப்பூர் என்ற சொல் காதில் விழுந்த வாரமே அவள் கேன்வாஸ் ஷூ வாங்கிவிட்டாள். பழக வேண்டுமே என்று புடவைக்குக் கீழே அதை மாட்டிக்கொண்டுதான் தோசை சுடுகிறாள். கீரைக்காரி வரைக்கும் செய்தி போயாயிற்று. முழங்கால்களுக்கு மட்டும் போகவில்லை. புதன் பதினாறு நிமிடம், வெள்ளி பதினைந்து, சனி மறுபடி பதினாறு. மூன்றும் சிவப்பு மையில்.

கோதண்டராமன் நாற்காலிக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினார். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டார். வழியை மறித்த செம்பருத்திக் கிளையை வெட்டினார். சிங்கப்பூரிலும் இவற்றைச் செய்து வைப்பார்களா என்று பதின்மூன்றாவது கடிதம் எழுதினார்.

ஞாயிறு மாலை, கடைசிச் சோதனை. கழிப்பறைக் கதவு திறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தவள் துவைக்கிற கல்லருகே நின்று மூச்சு வாங்கினாள். நாற்காலிக்கு இன்னும் பாதித் தூரம்.

"இன்னாங்க, எவ்ளோ ஆச்சி?"

முள் பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளில் எவனுக்கும் ஒரு வினாடி தராத கட்டைவிரல் பொத்தானை அழுத்தியது.

"ஒம்பதே முக்காதான். மெதுவா வா" என்றவர், நீல மைப் பேனாவைத் திறந்தார்.