மொளகுக்கும் மொளகாய்க்கும் நடுவே

பானை உடைந்த சத்தத்தைவிட, அதிலிருந்து கொட்டிய கறியின் நிறம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. எங்கள் குலதெய்வத்தின் முன்னால் வேகும் ஆட்டுக்கறி கறுப்பாகத்தான் இருக்கும். அன்று அது சிவப்பாகக் கொட்டிற்று. பெரியப்பா எட்டி உதைத்ததில் பானை பிளந்து, கொதிக்கிற குழம்பு சித்தியின் பாதங்களில் படர்ந்தது. அவள் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கித் துள்ளினாள். பெரியப்பா அடுப்பிலிருந்து எரிகிற விறகை உருவிக்கொண்டு திரும்பினார். "பேடா மாமா, பேடா!" என்று சித்தி அலறினாள். மூன்றாம் வகுப்பு படித்த எனக்கு, இவ்வளவு அடிக்கு நடுவில் எதற்கு இனிப்பு கேட்கிறாள் என்றுதான் தோன்றியது. கன்னடத்தில் அதற்கு 'வேண்டாம்' என்று பொருள் என்பது பிறகுதான் தெரிந்தது. தலையைக் காத்துக்கொள்ள வலக்கையைக் குறுக்கே கொடுத்தாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் பம்பைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அவளைக் கட்டிக்கொண்டு வந்த சித்தப்பா, வாழை இலைக் கட்டை மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தார். அந்த நிற்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சித்தி ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் வீட்டுப் பெண். வீட்டில் பேசுவது கன்னடம். மீன் தின்னப் போன சித்தப்பா பெண்ணோடு திரும்பி வந்தார் என்று எங்கள் ஊரில் கேலி பேசுவார்கள். சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் ஊரிலோ பெரியப்பா வைத்ததுதான் சட்டம். குடும்பத்துக்கும் தலை, கோயிலுக்கும் பூசாரி. அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்த மருமகள்தான் முதல் பானை வைக்க வேண்டும். அவள் பானை ஏறினால்தான் அவள் அந்தக் குடும்பத்துக்காரி. அந்தப் பானைக்குள் உப்பு, சீரகம், மிளகு தவிர வேறெதுவும் போகக்கூடாது. "சாமிக்கு மொளகா ஆவாது" என்பார்கள். ஏன் ஆகாது என்று யாரும் கேட்டதில்லை. அன்று பம்பை முழக்கத்துக்கு நடுவே பெரியப்பா, "மொளகு அரைச்சு ஊத்து" என்று கத்தினார். மீன் வறுத்தே வளர்ந்த பெண்ணுக்கு அது "மொளகா அரைச்சு ஊத்து" என்று கேட்டது. வித்தியாசம் ஓர் எழுத்துதான். ஆனால் பெரியப்பா அடித்தது அந்த எழுத்துக்காக மட்டும் என்று நான் நம்பவில்லை. தன்னைக் கேட்காமல் தம்பி கட்டிவந்த நாளிலிருந்தே அவர் கை அரித்துக்கொண்டிருந்தது. மிளகாய் ஒரு சாக்கு.

சித்தியின் கை கோணலாகத்தான் கூடியது. அதோடு விட்டார்களா என்றால் இல்லை. கிணறு வற்றினாலும் கன்று செத்தாலும் அவள் செய்த சாமிக் குத்தம்தான் காரணம் என்றார்கள். பெரியப்பாவின் மகன் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்தபோது, பெரியப்பா அரிவாளோடு வந்து சித்தி வீட்டு மரவள்ளிக்காட்டை வேரோடு வெட்டிச் சாய்த்தார். குறுக்கே வந்து குரைத்த நாயையும் ஒரே போடாகப் போட்டார். அன்றைக்குத்தான் சித்தப்பாவுக்கு ரோஷம் வந்தது. பெண்டாட்டி கைக்கு வராத ரோஷம் நாய்க்கு வந்ததே என்று என் அம்மா தலையிலடித்துக்கொண்டாள். அண்ணனும் தம்பியும் தக்காளித் தோட்டத்தில் கட்டிப் புரண்டார்கள். எழுந்தபோது இருவர் மேலும் எது ரத்தம், எது தக்காளி என்று தெரியவில்லை. பெரியப்பாவின் காதில் ஒரு துண்டு மட்டும் காணவில்லை. பதிலுக்குச் சித்தப்பாவின் மக்காச்சோளத் தட்டைப் போர் ஒருநாள் தீப்பிடித்து எரிந்தது. இத்தனைக்கும் நடுவில் வருடாவருடம் கோயிலில் அடுப்பு மூட்டினார்கள். சித்தி வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போவாள்.

இப்போது நான் ஓசூரில் ஒரு மசாலாப் பொடிக் கம்பெனியில் வேலை செய்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நடத்திய வகுப்பில் ஒருவர் மிளகாயின் கதையைச் சொன்னார். நம் பக்கத்து மிளகுக்கு ஆசைப்பட்டு ஒரு கடலோடி கப்பல் ஏறினானாம். திசை தப்பி அமெரிக்கக் கரையில் இறங்கினானாம். அங்கே விளைந்த மிளகாயைக் கடித்துப் பார்த்து, காரமாக இருக்கிறதே, இதுதான் மிளகு என்று சொல்லிவிட்டானாம். தக்காளி, மரவள்ளி, மக்காச்சோளம், நிலக்கடலை எல்லாமே பிறகு அந்தக் கரையிலிருந்து கப்பலேறி வந்தவைதானாம். எங்கள் பங்காளிச் சண்டையில் வெட்டியது, உருண்டது, கொளுத்தியது எல்லாம் கடல் தாண்டி வந்த பயிர்கள். சாமி ஒருவர்தான் உள்ளூர்க்காரர். அவர் மிளகாய்க்கு மூத்தவர், அதனால்தான் அது அவருக்கு ஆகவில்லை. அதோடு அந்த மனிதர் முடிக்கவில்லை. கப்பலில் போனவர்கள் அங்கிருந்த ஜனங்களைக் கொன்று குவித்தார்கள், அவர்களோடு போன அம்மை நோய் மிச்சம் இருந்தவர்களை ஊர் ஊராக வாரிக்கொண்டு போனது என்றார். நான் கையிலிருந்த மிளகாய்ப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டேன். அந்தச் சிவப்பு எனக்குப் புதிதில்லை.

போன வருடம் சித்தியின் மகனுக்குக் கல்யாணம் ஆனது. வந்த மருமகள் முதல் பானை வைக்க வேண்டும். மாமியார் சபையில் விழுந்து மன்னிப்புக் கேட்டால்தான் அடுப்பு கொடுப்போம் என்று பங்காளிகள் சொல்லிவிட்டார்கள். "கேட்டுடும்மா, எனக்காக" என்று மகன் கெஞ்சினான். சித்தியும் சம்மதித்துவிட்டாள். எனக்கு அது பொறுக்கவில்லை. கோயிலுக்குச் சாமான் வாங்கிக்கொண்டு அரூரிலிருந்து பஸ்ஸில் ஊர் திரும்பும்போது அந்தக் கடலோடியின் கதையை அவளிடம் சொன்னேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே வந்தாள்.

கோயிலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் புது மருமகள் பானையோடு நின்றாள். சித்தப்பா இலைக்கட்டோடு நின்றார். பெரியப்பா தடியை ஊன்றி உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சித்தி விழுவதற்காகக் காத்திருந்தார்கள். அவள் விழவில்லை.

"மாமா, கப்பல்ல போனவனும் இதே தப்பத்தான் பண்ணானாமுங்க. மொளகாயப் பாத்து மொளகுன்னானாம். அவனுக்கு ஊரூருக்குச் செல வெச்சிருக்காங்களாம். என் கைய மட்டும் ஏனுங்க ஒடிச்சீங்க?"

பெரியப்பா எழுந்தார். அந்த வயதிலும் தடி பழக்கத்தில் தலைக்கு மேலே போய்விட்டது. சித்தி நகரவில்லை. இடக்கையை அவர் முன்னால் நீட்டி, "இந்தக் கை நல்லாத்தான் இருக்குது. வேணும்னா இதையும் ஒடிச்சுக்குங்க" என்றாள். மகன் அசையவில்லை. சித்தப்பா வழக்கம்போல் நின்றார். நான் ஓடுவதற்குள், பானையிலிருந்த தண்ணீரை அந்தப் புதுப்பெண் அப்படியே அடுப்பில் கவிழ்த்தாள்.

"அத்தை கைய ஒடிச்ச அடுப்புல நான் பானை வெக்க மாட்டனுங்க."

புகை எழுந்து எல்லோர் முகத்தையும் மறைத்தது. அது விலகியபோது அந்தப் பெண் சித்தியின் பக்கத்தில் போய் நின்றிருந்தாள். பெரியப்பாவின் தடி இன்னும் மேலேயே இருந்தது. அதை எப்படி இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.