ரெண்டு ரெண்டாத் தெரியுது

கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு சாபம் உண்டு: உலகத்தில் எது சரியாகத் தெரியாவிட்டாலும் அவன்தான் பொறுப்பு. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளின் கடைசியில் சிராங்கூன் ரோட்டுக் கடையொன்றில் கண் பரிசோதித்து லென்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன். என் கை பட்ட கண்ணாடி திரும்பி வராது என்று எனக்கு ஒரு திமிர். அதைச் சரோஜா இரண்டே மாதத்தில் இறக்கிவைத்தார்.

முதல் கண்ணாடி

சரோஜாவுக்குக் கிளமெண்டியில் வீடு, எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து மயிரிழைக் கம்பி ஒட்ட வேண்டும். பார்வை மங்குகிறது, ஓரத்தில் என்னவோ மினுக்குகிறது என்றார். கூடவே வந்த மாமியார், நான் போட்ட நாற்காலியைப் பரிசோதனை மேசைக்கு ஒட்டினாற்போல் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன். சரோஜா மாமியாரைப் பார்த்தார். மாமியார் என்னைப் பார்த்தார். "வைட்டமின்தான் அண்ணே" என்று சரோஜாவிடமிருந்து பதில் வந்தது. மைக்ராஸ்கோப் வேலைதான் காரணம் என்று முடிவு கட்டி, லேசான பவரில் ஒரு கண்ணாடி எழுதினேன். எழுந்து போகும்போது மாமியார் சொன்னார்: "கல்யாணமாகி ஏழு வருஷம் தம்பி, இன்னும் ஒரு பேரப்புள்ளயக் கண்ணுல காணோம். அது தெரியிற மாதிரி ஒரு கண்ணாடி இருந்தா எனக்குப் போடு."

இரண்டாவது கண்ணாடி

அடுத்த மாதம் கண்ணாடி திரும்பி வந்தது. மறுபடி சோதித்து, கொஞ்சம் மாற்றிக் கொடுத்தேன். அதற்கடுத்த மாதம் அதுவும் வந்தது. "விளக்கப் பாத்தா ரெண்டு ரெண்டாத் தெரியுதுண்ணே. கம்பிய மாத்தி ஒட்டிட்டேன், சூப்பர்வைசர் வார்னிங் குடுத்துட்டாரு" என்று சரோஜா சொல்ல, எனக்கு முகம் சுண்டிப்போனது. பக்கத்து நாற்காலியில் மட்டும் முகம் மலர்ந்தது. அந்தக் காலத்தில் போகுமிடமெல்லாம் இரண்டு பிள்ளை போதும் என்ற சுவரொட்டிதானே. மாமியார் என் கையைத் தட்டினார்: "ரெண்டு தெரிஞ்சா நல்ல சகுனம் தம்பி, கவர்மெண்டே ரெண்டு வரைக்கும் விடுதுலா."

அட்டை சொன்ன சேதி

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் அட்டை வைத்திருப்போம். சரோஜாவின் அட்டையை வைத்துக்கொண்டு முழித்தபோதுதான் கவனித்தேன். புகார் சொல்லி வந்த மூன்று முறையும் மாதத்தில் அதே வாரம். மைக்ராஸ்கோப் மாதம் முழுக்க இருக்கிறதே, கண் மட்டும் ஏன் நாள் பார்த்துக் கெடுகிறது?

மருந்து என்றதும் சரோஜா மாமியாரைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. மாமியார் இல்லாமல் ஒருமுறை வரும்படி தொழிற்சாலைக்கு போன் போட்டுச் சொன்னேன். வந்தவர் கைப்பையிலிருந்து டிஷ்யூவில் சுற்றிய மாத்திரை அட்டையை எடுத்தார். பிள்ளை உண்டாவதற்கு டாக்டர் கொடுத்தது, மாதத்தில் ஐந்து நாள், கண் கெடும் அதே வாரம். மாமியார் கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார். மாத்திரை என்று தெரிந்தால் குறை மருமகளிடம்தான் என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவார். கண் மங்குவதை டாக்டரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார் என்ற பயம்.

எனக்குக் கோபம் வந்தது. "இது லென்ஸ் வேலை இல்லம்மா. இன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்று சத்தம் போட்டேன். சரோஜா அசையவில்லை. அவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "கண்ணு போனாலும் பரவால்லண்ணே, புள்ள முகத்தத் தடவிப் பாத்துக்குவேன்."

நானும் விடவில்லை. "புள்ள ரோட்டுல ஓடினா? அப்பவும் தடவித்தான் பிடிப்பீங்களா?" என்றேன். மாத்திரை அட்டையைத் திரும்பச் சுற்றி எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

கண்ணாடி வேண்டாம்

மூன்று வாரம் கழித்து வந்து இரண்டாவது கண்ணாடியை மேசைமேல் வைத்தார். டாக்டரிடம் சொல்லிவிட்டார். டாக்டர் திட்டிவிட்டு மாத்திரையை நிறுத்தினார். சில நாளில் மினுக்கலும் மங்கலும் போய்விட்டன. இனி வேறு வைத்தியம், ஊசி. வேலையும் தப்பியது. வாழ்க்கையில் என்னை மகிழ வைத்த ஒரே ரிட்டர்ன் அது. போகிற போக்கில் சொன்னார்: "இப்ப எல்லாம் ஒண்ணொண்ணாத்தான் தெரியுதுண்ணே, அத்தைக்குத்தான் வருத்தம்."

அப்பா மூஞ்சி

ஆறேழு வருஷம் போயிருக்கும். சரோஜா, கணவர், மாமியார், கூடவே இரட்டைப் பையன்கள். ஊசியில் பிறந்தவர்கள், கொஞ்சம் முன்கூட்டியே பிறந்தார்கள்; அப்போதே ஆஸ்பத்திரியில் கண்ணைப் பார்த்துக் குறையில்லை என்று அனுப்பினார்களாம். இப்போது இரண்டு பேருக்கும் கரும்பலகை தெரியவில்லை. சரோஜா என்னை ஓரமாக இழுத்து, "நான் தின்ன மாத்திரையாண்ணே?" என்று கேட்டபோது கண் கலங்கியிருந்தது. கண் டாக்டர் என்ன சொன்னார் என்றேன். "அவரு எதுவும் சொல்லல. பசங்க அப்பா மூஞ்சியக் காட்டினாரு" என்றார். கணவர் போட்டிருந்தது சோடாபுட்டிக் கண்ணாடி. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பு கண்ணாடி போட்டிருக்கிறது, அத்தனை அம்மாக்களுமா மாத்திரை சாப்பிட்டார்கள் என்று கேட்டேன். அப்புறம்தான் சிரித்தார்.

இரண்டு சின்னக் கண்ணாடிகளையும் மாட்டிவிட்டேன். மாமியார் இரண்டு பேரனையும் என் முன்னால் நிறுத்தி, இத்தனை வருஷம் வைத்திருந்த கணக்கைத் தீர்த்தார்: "ரெண்டு தெரியுதுன்னு அவ அப்பவே சொன்னா. நீதான் நம்பாம கண்ணாடிய மாத்திக்கிட்டிருந்தே."

அன்றிலிருந்து, இரண்டாகத் தெரிகிறது என்று யார் வந்தாலும் நான் முதலில் தொடுவது லென்ஸை அல்ல, பக்கத்தில் கிடக்கும் மாமியார் நாற்காலியைத்தான், அதைத் தூக்கி வாசலில் போட.