படத்தில் தூங்கிப்போனவள்

அகிலாண்டம் சினிமாக் கொட்டகைக்குப் போவதே தூங்கத்தான் என்று பக்கத்து வீட்டுச் செவ்வந்தி கேலி செய்வாள். அதில் பொய்யில்லை. எட்டு வயதில் நாற்றுமுடி தூக்க ஆரம்பித்த உடம்பு. குனிந்தபடியே நாற்பதைத் தாண்டிவிட்டது. டூரிங் கொட்டகையின் மணல்தரையில் உட்கார்ந்து விளக்கு அணைந்ததும், திரையில் யார் அழுதாலும் யார் ஆடினாலும், அவளுக்குக் கண் செருகிவிடும்.

அந்த அறுவடைச் சமயத்தில் ஒரு பேய்ப்படம் வந்திருந்தது. சாபம் பிடித்த தலையாட்டிப் பொம்மை ஒன்று. அது யாரைப் பார்த்து ஆடுகிறதோ அவர் செத்துப்போவார். சாவெல்லாம் சிரிப்புச் சாவு. ஒருவன் வேட்டி தடுக்கிக் கிணற்றில் விழுந்தான். ஒருத்தி கொட்டாவி விட்டபடியே படுத்தாள், எழுந்திருக்கவில்லை. ஊரே விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வீடு திரும்பியது. அகிலாண்டத்தைத் தட்டி எழுப்பித்தான் கூட்டிவந்தார்கள்.

சூரியன் சின்னம் ஜெயித்து நாலைந்து வருஷமாகியும் கூலி மட்டும் விடியவில்லை. கூலி நெல்லை உயர்த்தும்வரை அறுப்பு கிடையாது என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் சொல்லிவிட்டது. மிராசுதார் லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கினார். வந்தவர்கள் முகம் சுளிக்கக்கூடாதே என்று, அன்றைக்கே தன் செலவில் கொட்டகைக்கும் அனுப்பிவைத்தார்.

அதைக் கேட்டதும் சங்கத்துச் செல்லதுரை அகிலாண்டத்திடம் ஓடிவந்தான்.

"அக்கா, ஒங்க வூட்டுல தலையாட்டிப் பொம்மை இருக்குல்ல?"

"எம் மவளுக்குத் திருவிழாவுல வாங்குனது. ஏன் தம்பி?"

"காலையில அதக் கொண்டுபோயி மிராசுதார் வரப்புல வச்சிடுங்க."

"ஏன், ஒனக்குக் கையில்லியா?"

"நான் படம் பாத்துட்டேன்க்கா."

விடிந்து வயலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள், காற்றில் தங்களைப் பார்த்துத் தலையாட்டும் பொம்மையைக் கண்டார்கள். அரிவாளைக்கூட எடுக்காமல் லாரியில் ஏறிவிட்டார்கள். கதிர் முற்றி நெல் கொட்டத் தொடங்கியிருந்தது. மிராசுதார் பல்லைக் கடித்துப் பார்த்தார். கடைசியில் சங்கம் கேட்ட கூலிக்கே இறங்கிவந்தார்.

மறுநாள் ஊர் அரிவாளோடு வரப்புவரை வந்து நின்றது. யாரும் வயலில் இறங்கவில்லை.

"அது இன்னும் ஆடுதுடி," என்றாள் செவ்வந்தி.

"நாமதானடி வச்சோம்!"

"வச்சது நீ. எங்கள எதுக்கு இழுக்குற?"

இப்படியே நின்றால் நெல் மண்ணுக்குப் போகும். பேசி வாங்கிய கூலியும் அதோடு போகும். அகிலாண்டத்துக்கு அலுப்பாக இருந்தது. மிராசுதாரோடு மல்லுக்கட்டியவர்கள் இத்தனூண்டு பொம்மைக்குப் பயந்து நிற்கிறார்கள். பொம்மையைத் தூக்கிக் கூடையில் போட்டுவிட்டு, ஒற்றை ஆளாய்க் குனிந்து அறுக்கத் தொடங்கினாள். அவள் சாகிறாளா என்று ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. உச்சிப்பொழுதுவரை சாகவில்லை. அப்புறம் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

கடைசிக் கட்டு களத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. செவ்வந்தி போட்ட அலறலில் எல்லாரும் திரும்பினார்கள். நெற்கட்டில் சாய்ந்து வாய் பிளந்து கிடந்தாள் அகிலாண்டம். பக்கத்துக் கூடையில் பொம்மை மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ, கொட்டாவி விட்டாளே, நான் பாத்தனே!"

களமே ஓடிவந்து சூழ்ந்தது. செல்லதுரை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

அகிலாண்டம் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"கூலி அளக்க ஆரம்பிச்சாச்சா?"

"இ... இல்லக்கா."

"அப்பறம் எதுக்கு எழுப்புறீங்க?" என்றவள், நெற்கட்டில் முகம் புதைத்து மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.