நம்பர் எங்க இருந்துச்சு

என் மக கம்ப்யூட்டர்ல பக்கம் கட்டுறவ. கடை, ஆஸ்பத்திரின்னு யார் கேட்டாலும், ஜனங்க போன்ல தட்டிப் பாக்குற பக்கத்தைச் செஞ்சு கொடுப்பா. எனக்கு எழுத்து தெரியாது, எண்ணு மட்டும் தெரியும். ஆனா பதினாலு வருஷமா ஒரே அறையில அவ முதுகுக்குப் பின்னாடி கட்டில்ல கிடக்கேன். அவ தொழில் எனக்கு அத்துப்படி.

திரையைப் பன்னண்டா வகுந்த கட்டம் ஒண்ணு ரெடிமேடா கிடைக்கும். யாரோ புண்ணியவான் செஞ்சு சும்மா குடுத்தது. படத்துக்கு எட்டு, எழுத்துக்கு நாலுன்னு பங்கு போட்டா முடிஞ்சது. பெரிய திரையில பக்கத்துல பக்கத்துல நிக்கும். சின்ன போன்ல தானா ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு அடுக்கிக்கும். பத்து நாள் வேலை ரெண்டு நாள்ல முடியும். அவளுக்குக் கட்டினவன் நிலைக்கல, கட்டம் நிலைச்சுது. எங்களுக்குச் சோறு போட்டது அதுதான், பொய் சொல்லக் கூடாது.

அதோட குறையும் அவளுக்குத் தெரியும். எல்லாப் பக்கமும் ஒரே வயித்துல பொறந்த மூஞ்சியா இருக்கும்மான்னு அலுத்துக்குவா. ரெண்டு கட்டம் வேணும்னாலும் மொத்த மூட்டையையும் சுமக்கணும், மட்டமான போன்ல பக்கம் ஆமையா ஊரும்னு சொல்லுவா. நானே கையால எழுதுறேன்னு முதலாளிகிட்ட ஒருதரம் கேட்டுப் பாத்தா. படம் பாக்க வர்றவன் சட்டத்தையா பாக்கப் போறான்னு சிரிச்சாராம் அந்த மனுஷன். சிரிக்க மட்டும் அவருக்கு எப்பவும் நேரம் இருக்கும்.

போன மழைக்காலத்துல ஆம்புலன்ஸ்காரங்களுக்கு ஒரு பக்கம் செஞ்சா. இடது பக்கம் எட்டு கட்டத்துல வண்டிப் படங்க. வலது பக்கம் நாலு கட்டத்துல கூப்பிடுற நம்பர், செவப்புல, கண்ணைப் பறிக்கும். பெரிய திரையைக் குறுக்கிக் குறுக்கி, அடுக்கு கோணாம விழுதான்னு பாத்தா. எது மேல விழுது, எது கீழ போகுதுன்னு பாக்கல. எனக்குக் காட்ட என் ஓட்டைப் போன்ல திறந்து குடுத்தா.

"நம்பர் எங்கடி?"ன்னேன்.

"கீழ இருக்கும்மா, தள்ளு."

ஒம்பது தடவை தள்ளினேன். ஒவ்வொரு படமும் மெல்ல மெல்ல முழிச்சுது. "நம்பர் வர்றதுக்குள்ள நானே போய்ச் சேந்துருவேன் போலிருக்கே"ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். அன்னிக்கே அனுப்பிட்டா.

மூணு மாசம் கழிச்சு ஒரு மனுஷன் அவ முதலாளியோட ஆபீஸுக்கே வந்துட்டாராம். அவர் சம்சாரம் குளியலறையில விழுந்துருக்கு. இவர் ஈரக்கையோட போனைத் தள்ளித் தள்ளி, வண்டிப் படமா பாத்துட்டு, கடைசியில பக்கத்து வீட்டுக் காரைக் கூப்பிட்டுருக்காரு. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள அந்தம்மா போயிடுச்சு. முதலாளி கை கழுவிட்டு, என் மகளை அங்க வரவழைச்சு அவரோட பேசச் சொன்னாரு. அந்த மனுஷன் திட்டலையாம்.

"நம்பர் எங்கம்மா இருந்துச்சு?"ன்னு மட்டும் கேட்டாராம்.

நான் கேட்ட அதே கேள்வி.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழட்டாம உக்காந்து சரி பண்ணினா. "நம்பரை மேல ஏத்த ஒரே வரிம்மா, ஒரே வரி"ன்னா.

இதே வார்ப்புல வாத்தது இன்னும் பதினாறு பக்கம் ஊர்ல உலாவுது. அதையும் திருத்தறேன்னு கேட்டதுக்கு, தொட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு முதலாளி அதுங்களுக்கான பாஸ்வேர்டை மாத்திட்டாரு. பக்கம் வாங்கினவங்களை இவளே ஆளுக்கு ஆள் கூப்பிட்டுச் சொன்னா. பக்கம் அழகாத்தானே இருக்குன்னு எல்லாரும் போனை வச்சுட்டாங்க.

இப்பவும் பகல்ல அதே பன்னண்டு கட்டத்துலதான் வேலை. வேற என்ன தெரியும் அவளுக்கு. சாப்பிட்டு முடிச்சா என் போனை வாங்கி அந்தப் பதினாறையும் ஒண்ணொண்ணா திறந்து என் கையில குடுப்பா. நம்பர் வர்ற வரைக்கும் நான் எண்ணிக்கிட்டே தள்ளுவேன். நேத்து தீயணைப்பு வண்டிக்காரங்க பக்கம்.

"எத்தனைம்மா?"ன்னா.

தள்ளினது பதினொண்ணு. ஏழுன்னு சொன்னேன். அவ என் விரலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா.