வெளியே ஒட்டிய கேமராவும் குறைந்துபோன உயரமும்

மாடல் ராக்கெட் தொழிலில், ராக்கெட்டைச் செய்வதற்கு முன்பே அது எவ்வளவு உயரம் போகும் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வாடிக்கையாளர் அதைப் படித்துவிட்டுத்தான் ஆர்டர் கொடுப்பார்.

ஒரகடம் சாலையில் ஒரு ஷெட்டில் இருக்கிறது எங்கள் கம்பெனி. பள்ளி, கல்லூரிகளுக்கு ராக்கெட் செய்து தருகிறோம். சாஃப்ட்வேரில் உயரத்தைக் கணக்கிடுவது என் வேலை. பாராசூட் எந்த நொடியில் விரிய வேண்டும் என்பதும் அதே கணக்கிலிருந்துதான் வரும். வெளியே ஒட்டுகிற கேமரா, ஏவும் கம்பியில் கோக்கிற சின்னக் குழாய், வழிந்து காய்ந்த பசை எல்லாமே காற்றை மறித்து ராக்கெட்டைப் பின்னுக்கு இழுக்கும். அவற்றைச் சேர்த்தால் உயரம் குறையும். எனக்கு ஆறு மாதம் பயிற்சிக் காலம். அதன்பின் வேலை நிரந்தரமா இல்லையா என்பது முதலாளி கையில். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். சரியான கணக்கைப் போட்டுவிட்டுத் திட்டு வாங்குகிற எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன். உங்களுக்குப் புரியும்.

நாலாவது சிறகு

எங்கள் சாஃப்ட்வேருக்கு மூக்கு தெரியும், உடல் தெரியும், வாலில் இருக்கும் சிறகுகள் தெரியும். வெளியே ஒட்டிய கேமராப் பெட்டி தெரியாது. அதனால் அதே அளவு காற்றை மறிக்கிற ஒரு தடித்த குட்டிச் சிறகை அந்த இடத்தில் வைத்துக் கணக்கிடுவேன். நியாயமான வழிதான்.

முதல் வரைபடத்தை ஒரு கல்லூரி அணிக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அணித் தலைவன் ஃபோன் செய்தான். அந்தக் குட்டிச் சிறகு கணக்குக்காகக் கேமராவுக்குப் பதிலாக வைத்தது என்று அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: “எல்லாம் சரிக்கா, ஆனா நாங்க மூணுதானே கேட்டோம். நாலாவதுக்கு யாரு பில்லு கட்டுவா?”

கண்ணாடி மாதிரி

மேல்பரப்பு எவ்வளவு வழவழப்பு என்றும் சாஃப்ட்வேர் கேட்கும். முதலாளி எப்போதும் ‘மெருகேற்றியது’ என்பதையே தேர்ந்தெடுத்து வைத்திருப்பார். நான் பெயின்ட் அறைக்குப் போய் ராக்கெட்டைத் தடவிப் பார்த்தேன். பசை பாறை மாதிரி இருந்தது. பெயின்ட் அடிக்கும் செல்வம் அண்ணனிடம், “கம்ப்யூட்டர்ல கண்ணாடி மாதிரின்னு போட்டிருக்குண்ணே, கொஞ்சம் தேய்ச்சுத் தர்றீங்களா?” என்று கேட்டேன்.

அவர் ராக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கண்ணாடி கம்ப்யூட்டர்லதான் கீதும்மா. இங்க உப்புத்தாள் தீந்தே ரெண்டு நாளாச்சு.”

பக்கத்துக் கம்பெனி

ஒரு பள்ளியின் தாளாளர் நேரில் வந்தார். நானூறு மீட்டர் போகும் என்று என் கணக்கைக் காட்டினேன். எதையெதைச் சேர்த்திருக்கிறேன் என்று வரிசையாகச் சொன்னேன். முதலாளி எதிரில் உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

தாளாளர் எழுந்துவிட்டார். ஆர்டரும் அவரோடு போய்விட்டது. வாசலில் நின்று சொன்னது இது: “பக்கத்துக் கம்பெனிக்காரரு ஃபோன்லயே ஐநூறு மீட்டர்னு சொல்ட்டாரு. நீங்க கம்ப்யூட்டரு வெச்சிக்கினு நானூறு சொல்றீங்களே!”

அன்று மண்ணூரில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு வந்திருந்தாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்: “வேல பெர்மனென்ட் ஆவுற வரைக்கும் அந்தக் காத்து கொஞ்சம் கம்மியா அடிச்சா இன்னாடி?”

ஒரே ஒரு கிளிக்

பயிற்சிக் காலம் முடியப் பத்து நாள் இருந்தது. ஒரு கல்லூரிக்கு, பக்கவாட்டில் கேமரா வைத்த ராக்கெட். அவர்கள் கேட்ட உயரம் வரவில்லை. முதலாளி என் நாற்காலியில் உட்கார்ந்து, கேமராவுக்காக நான் வைத்திருந்த சிறகை நீக்கினார். கேமராவின் எடையை மட்டும் உள்ளே சேர்த்தார். உயரம் ஏறிவிட்டது.

“சார், அப்போ பாராசூட் திறக்கிற நேரமும் தப்பாகிடும்” என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பிரின்ட் வந்தது. ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை. முதலாளி தாளை வாங்கிக்கொண்டு சொன்னார்: “எடை சேர்த்தாச்சுல்ல? அப்புறம் என்ன பயம்?”

வறண்ட ஏரியில்

ஏவிய இடம் தண்ணீர் வற்றிய ஓர் ஏரி. ராக்கெட் எங்கள் தாளில் இருந்த உயரத்தைத் தொடவில்லை. சீக்கிரமே தலை கவிழ்ந்துவிட்டது. பாராசூட் தாளில் இருந்த நேரத்துக்காகக் காத்திருந்தது. அதற்குள் ராக்கெட் வேகமாக விழத் தொடங்கியிருந்தது. விரிந்த அடுத்த நொடியே கயிறுகள் அறுந்தன. நல்லவேளை, யார்மீதும் விழவில்லை. மாணவர்கள் மண்ணிலிருந்து கேமராவைத் துண்டு துண்டாகப் பொறுக்கினார்கள். ஒரு பெண் அழுதாள்.

பேராசிரியர் ரிப்போர்ட்டை விரித்து, “யார் போட்ட கணக்கு இது?” என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் முதலாளி என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, மிகவும் அன்பாகச் சொன்னார்: “சின்னப் பொண்ணு சார், இப்பதான் கத்துக்குது. கேமராவோட காத்துத் தடையைச் சேர்க்க மறந்துடுச்சு.”

என் பயிற்சிக் காலத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டியிருக்கிறார்கள். நான் கற்க வேண்டியது பாக்கி இருக்கிறது என்பதில் மட்டும் முதலாளிக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.